சுற்றுச்சூழல், எரிசக்தி நீதியில் மாணவர் கிளார்க்ஷிப்: சிங்கப்பூரிலிருந்து விண்ணப்பிக்கும் முறை

சிங்கப்பூரில் ‘லா கிளார்க்’ என்றதும், பட்டம் பெற்றபின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு உதவியாகச் சேரும் பணிதான் நினைவுக்கு வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் சட்ட அமைப்புகள் அறிவிக்கும் மாணவர் கிளார்க்ஷிப் வேறு. படிப்பு முடியாத மாணவர், விடுமுறையில் சுமார் 10 வாரம், ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில் சட்ட ஆய்வு செய்து குறிப்பு எழுதும் வேலை அது. இங்கே அதே வேலை ‘இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் வரும். இரண்டு பெயரிலும் தேடுங்கள். உள்ளூர் இடங்களை இளக்காரமாக நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக (என்யூஎஸ்) சட்டத் துறையின் ஆசிய பசிபிக் சுற்றுச்சூழல் சட்ட மையம் 1996 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட மையத்தில் ஒரு பருவம் ஆய்வு உதவி செய்தாலே எழுத்து மாதிரிக்கும் பரிந்துரைக்கும் வழி பிறந்துவிடும்.

வெளிநாடு என்றால் நாட்காட்டியை முதலில் பாருங்கள். என்யூஎஸ் தேர்வுகள் மே மாதத் தொடக்கத்தில் முடியும், அடுத்த கல்வியாண்டு ஆகஸ்ட்டில் தொடங்கும். இடையில் 10 வாரம் அடங்கும், ஆனால் நெருக்கமாகத்தான் அடங்கும். பல அமைப்புகள் கடைசித் தேதிவரை காத்திருப்பதில்லை. வர வர விண்ணப்பங்களைப் பார்த்து இடத்தை நிரப்பிவிடும். அமெரிக்காவுக்கு நேரில் போவதாக இருந்தால் பெரும்பாலும் பரிமாற்றப் பயிற்சிக்கான ஜே-1 விசா வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆதரவு நிறுவனம் டிஎஸ்-2019 என்ற தகுதிப் படிவம் தந்த பிறகுதான் தூதரக நேர்காணல். ஏப்ரலில் இடம் கிடைத்தால் இதற்கெல்லாம் நேரம் போதாது. டிசம்பர் விடுமுறைக்குள் விண்ணப்பத்தை முடித்துவிடுவது நல்லது. இணையவழிப் பணியைக் கேட்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள்: கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அவர்களின் காலைக் கூட்டம் உங்களுக்கு இரவு 9 மணி. சம்பளம் இல்லாத இடங்கள் நிறைய உண்டு. உங்கள் சட்டப் பள்ளியில் பொதுநலப் பணிக்கு நிதியுதவி இருக்கிறதா என்று இடம் கிடைப்பதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் எழுத்து மாதிரிதான். 5 முதல் 10 பக்கம் போதும். ‘பருவநிலை மாற்றமும் மனித உரிமையும்’ என்ற அளவுக்கு அகலமான தலைப்பு எடுபடாது. சுற்றுச்சூழல் கேட்டையும் எரிசக்திச் செலவையும் யார் சுமக்கிறார், யாருக்குச் சலுகை, முறையிட யாருக்கு வழி இருக்கிறது என்று கேட்கும் குறுகிய சட்டக் கேள்விதான் இந்தத் துறைக்குப் பொருந்தும்.

அப்படி ஒரு கேள்வி நம் மின்கட்டண ரசீதிலேயே இருக்கிறது. 2018 கரிம விலைச் சட்டப்படி, ஆண்டுக்கு 25,000 டன் பசுமைக்குடில் வாயு அல்லது அதற்கு மேல் வெளியிடும் ஆலைகள் வரி கட்டுகின்றன. டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்த வரி 2024-ல் 25 ஆனது, 2026-க்கு 45. மின் உற்பத்தி ஆலைகள் கட்டும் வரி கட்டணத்தில் வந்து சேர்கிறது. 25 வெள்ளி விகிதத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் அப்போது கணித்தது. ஒரு பக்கம், இந்தக் கட்டணத்தில் அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் யூ-சேவ் கழிவு. தகுதிபெற வீட்டில் ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது இருக்க வேண்டும். மறுபக்கம், உலகச் சந்தையில் போட்டியிடும் அதிக உமிழ்வு ஆலைகளுக்கு வரிச்சுமையைக் குறைக்கும் இடைக்காலச் சலுகை ஒதுக்கீடு. இந்த இரண்டு சலுகைகளின் நிபந்தனைகளையும் யார் வகுக்கிறார், எந்தச் சட்ட அதிகாரத்தில், எவ்வளவு வெளிப்படையாக என்று ஒப்பிட்டாலே எட்டுப் பக்கம் ஓடிவிடும்.

இன்னொன்று வெயில். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் அறிவித்த விதிகளின்படி, டபிள்யூபிஜிடி அளவு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்தக் குறியீடு) 32 டிகிரியை எட்டினால் வெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. 33-ஐ எட்டினால் 15 நிமிடம். கொடுக்காத முதலாளியை எந்த அடிப்படையில் பிடிப்பது? 2006 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் தொடங்கிப் படியுங்கள். புகார் செய்தால் வேலை அனுமதி போய்விடுமோ என்ற அச்சம் எங்கே இடிக்கிறது என்பதையும் சட்ட மொழியிலேயே எழுதுங்கள். ஆவேசம் பத்திரிகைக் கட்டுரைக்கு இருக்கட்டும்.

இந்த இடத்தில் தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும். ‘தமிழ்: சரளம்’ என்று ஒரு வரி போட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ‘தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியரிடம் தமிழில் விவரம் கேட்டு ஆங்கிலத்தில் குறிப்பு எழுத முடியும்’ என்று எழுதுங்கள். ஆனால் அளந்து சொல்லுங்கள். பள்ளியில் படித்த தமிழும் புதுக்கோட்டையிலிருந்து வந்த ஊழியர் பேசும் தமிழும் ஒன்றல்ல. நேர்காணலில் சோதித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். சட்டத் தொகுப்பின் 2020 திருத்தப் பதிப்பு நடப்புக்கு வந்தபின் நம் சட்டங்களுக்கு அத்தியாய எண் கிடையாது, ஆண்டுதான். சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டத்தை இன்னமும் ‘கேப் 94ஏ’ என்று குறித்தால், பழைய பாடக் குறிப்பிலிருந்து எடுத்தது என்று தெரிந்துவிடும். மதிப்பெண்ணுக்கு எத்தனைக்கு என்பதையும் போடுங்கள். என்யூஎஸ் சராசரி 5-க்கு. அமெரிக்கர் கண்ணுக்கு வெறும் 3.9 என்பது 4-க்குப் போலத் தெரியும், பிறகு நீங்கள் மறைத்ததாகப் படும். நம் எல்எல்பி நான்காண்டு முதல் சட்டப் பட்டம் என்பதையும், முடித்த பாடங்களையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ‘இரண்டாமாண்டு’ என்பதற்கு அங்கே வேறு பொருள்.

ஒரு பக்க முகப்புக் கடிதத்தில் அந்த அமைப்பு இப்போது நடத்தும் வழக்கு ஒன்றைத் தொடுங்கள். நிலவரம் பார்த்துத் தொடுங்கள். 1994-ல் பிறப்பித்த 12898 என்ற நிர்வாக ஆணைதான் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் நீதிக்கு அடித்தளம் என்று பல கட்டுரைகள் இன்னமும் சொல்லும். அது 2025 ஜனவரியில் ரத்தானது. அதை நடப்புச் சட்டமாக எழுதினால் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

நேர்காணலுக்கு, இரு பக்கமும் நியாயம் உள்ள ஒரு வழக்கைக் கைவசம் வையுங்கள். 2024-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரஞ்சித்சிங் வழக்கு பொருத்தமானது. அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் என்ற பறவையைக் காக்க மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன 2021 உத்தரவைத் தளர்த்திய அதே தீர்ப்பு, பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபடும் உரிமையையும் அரசமைப்பில் கண்டது. சூரிய மின்சாரமா, அழியும் பறவையா என்று கேட்டால் உடனே ஒரு பக்கம் சாயாதீர்கள். எந்த ஆதாரம் கிடைத்தால் உங்கள் கருத்து மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிந்துரைப்பவர் இருவர் போதும். உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியர், பெரிய பெயருள்ளவரைவிட மேல். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கேட்டு, விண்ணப்பத்தின் பிரதியையும் கையில் கொடுங்கள். முந்தைய பயிற்சியில் எழுதிய குறிப்பை மாதிரியாக அனுப்புவதென்றால் அந்த அலுவலகத்தின் அனுமதி கட்டாயம். பெயர்களையும் அடையாளங்களையும் நீக்குங்கள்.

இடம் உறுதியானதும் நலமுரண் படிவம் வரும்; எதிர்த்தரப்போடு உங்களுக்குத் தொடர்பு உண்டா என்று கேட்பது அது. எண்ணெய், மின் நிறுவனங்களுக்காக வாதாடும் சட்ட நிறுவனத்தில் முன்பு பயிற்சி பெற்றிருந்தாலோ, அடுத்து அங்கே சேர ஒப்புக்கொண்டிருந்தாலோ அப்போதே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு கோப்புகளிலிருந்து உங்களைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவே. பாதியில் தெரியவந்தால் கோப்போடு உங்களையும் அனுப்பிவிடுவார்கள்.