மதுரையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடுங்கள்

டிக்கெட்டில் இரவு 11 மணிக்குப் புறப்பாடு, காலை 5.45க்கு இறக்கம் என்று இருந்தால் ஆறே முக்கால் மணி நேரப் பயணம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம். அது சரிதானா என்று தூரத்தை வைத்துச் சோதித்துவிடலாம்.

சயின்டிபிக் கால்குலேட்டர் போதும். முதலில் சைன் (sin) 30 அடியுங்கள். 0.5 வர வேண்டும். வராவிட்டால் கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

மதுரை விமான நிலையம் வடக்கு 9.83 டிகிரி (அட்சரேகை), கிழக்கு 78.09 டிகிரி (தீர்க்கரேகை). சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36, கிழக்கு 103.99. அட்லஸில் 9 டிகிரி 50 நிமிடம் என்று இருந்தால் அதை 9.50 என்று எழுதக் கூடாது. 50ஐ 60ஆல் வகுத்தால் 0.83. இதில் தவறினால் 37 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்கினால் 0.0041. அவற்றின் காஸ் (cos) இரண்டையும், தீர்க்கரேகை வித்தியாசமான 25.9இன் காஸையும் பெருக்கினால் 0.8861. கூட்டினால் 0.8902. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹) 27.1 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்பதால் 3,014 கி.மீ.

லண்டனுக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்குள்ள ஹீத்ரோ விமான நிலையம், தீர்க்கரேகை 0 டிகிரியான கிரீன்விச்சுக்கு மேற்கே 0.46 டிகிரியில் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்காமல் கூட்ட வேண்டும்: 78.55. தூரம் சுமார் 8,360 கி.மீ.

இனி நேரம். விமானம் நேர்கோட்டில் போகாது. வான்பாதைகளுக்காக 3 முதல் 5 சதவீதம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3,100 என்று வைத்து, மணிக்கு 830 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 3 மணி 44 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி. ஆக நாலேகால், டிக்கெட்டோடு பொருந்துகிறது.

நீண்ட பயணத்தில் காற்று கணக்கை மாற்றும். வட இந்தியாவுக்கும் மேற்காசியாவுக்கும் மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். அதனால் லண்டன் போகும்போது கூடுதல் நேரம், திரும்பும்போது குறைவு. ஒரே எண்ணை இருவழிக்கும் போடாதீர்கள். லண்டன் கடிகாரமும் மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை.

மதுரையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னை வழி என்றால் இரண்டு தூரத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, இடையில் காத்திருக்கும் நேரத்தைச் சேருங்கள். தேனியிலிருந்து வருபவர்கள் சாலைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கி, வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்கும்படி கிளம்புங்கள்.