முகம் கோணியிருக்கிறதா? முதலில் நெற்றியைப் பாருங்கள்

வார்டில் வாய் ஒரு பக்கம் கோணிய நோயாளியைக் காட்டி "லீஷன் (பாதிப்பு) எங்கே?" என்று கேட்டால், உடனே "பெல்ஸ் பால்சி" (முக நரம்பு திடீரென்று செயலிழப்பது) என்று வாயை விட்டுவிடாதீர்கள். புருவத்தை உயர்த்தச் சொல்லி நெற்றியில் சுருக்கம் விழுகிறதா என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

முகத் தசைகளை இயக்கும் 7ஆவது கபால நரம்பின் நியூக்ளியஸில் (மூளைத்தண்டில் அந்த நரம்பு கிளம்பும் செல் கூட்டம்) நெற்றிக்கான பகுதிக்கு மூளையின் இரண்டு பக்கக் கார்ட்டெக்ஸிலிருந்தும் (மேலடுக்கு) கட்டளை வருகிறது, ஆனால் வாய்ப் பக்கத்துக்கான பகுதிக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும்தான். அதனால் ஒரு பக்க மூளையில் ஸ்ட்ரோக் வந்தால் வாய் இழுக்கும், நெற்றி தப்பித்துவிடும். நரம்பே அடிபட்டால் நெற்றி, கண், வாய் மூன்றும் அதே பக்கத்தில் செயலிழந்துவிடும், கண்ணை இறுக்கி மூடச் சொன்னால் விழி மேலே உருளும், வெள்ளை தெரியும்.

அப்புறம் நாக்கின் முன் 3இல் 2 பங்கில் சுவை குறைந்திருக்கிறதா, சத்தம் அந்தக் காதில் அதிகமாகக் கேட்கிறதா என்றும் கேளுங்கள். அந்தச் சுவைக்கும், காதுக்குள் சத்தத்தை அடக்கும் ஸ்டேபீடியஸ் தசைக்கும் இதே நரம்புதான்.

சரி, நெற்றியும் போயிருந்தால் ஸ்ட்ரோக் இல்லை என்று விட்டுவிடலாமா? கூடாது, இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள் (நானும்தான்). பான்ஸில் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) ஸ்ட்ரோக் வந்து நியூக்ளியஸே அடிபட்டாலும் முகம் இப்படித்தான் இருக்கும். அதே பக்கக் கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை, எதிர்ப்பக்கக் கை காலில் பலவீனம் என்றால் உடனே சீனியரைக் கூப்பிடுங்கள்.