கடன் வரம்பு இடிக்கும்போது நூல் ஆர்டரைக் குறைத்து அனுப்பும் முறை

திருப்பூரில் நூல் வியாபாரம் பெரும்பாலும் கடனில்தான் ஓடுகிறது. பார்ட்டி 30 பை கேட்பார். அவர் கணக்கில் 21 பைக்குத்தான் இடம் இருக்கும். ஆர்டரை அப்படியே நிறுத்தினால் அவருடைய நிட்டிங் மெஷின் நிற்கும். முழுசாக அனுப்பினால் நம் பணம் மாட்டும். குறைத்து அனுப்புவதுதான் நல்ல வழி. ஆனால் பார்ட்டி சரி என்று சொன்ன பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

முதலில் பாக்கி பில்களின் தேதியைப் பாருங்கள். எல்லாம் கெடுவுக்குள் இருந்து, ஆர்டர் பெருத்ததால் மட்டும் வரம்பு தாண்டினால் இந்த முறை பொருந்தும். கெடு தாண்டிய பில் கிடந்தால் பொருந்தாது. அங்கே பழைய பணம் வந்த பிறகுதான் புதுச் சரக்கு.

அடுத்து கணக்கு. வரம்பு ₹10,00,000 என்று வைப்போம். லெட்ஜர் பாக்கி ₹5,60,000 காட்டுகிறது. ஆனால் ₹1,20,000 செக் ஒன்று வரவு எழுதியாகிவிட்டது, இன்னும் பாஸ் ஆகவில்லை. டேலி கணக்கு மென்பொருளில் வரவு போட்டதுமே பாக்கி குறைந்துவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். செக்கைத் திருப்பிச் சேர்த்தால் பாக்கி ₹6,80,000. ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, பில் போடாமல் நிற்கும் வேறு ஆர்டர் ₹40,000. ஆக, மிச்சம் இருக்கும் இடம் ₹2,80,000.

கிலோ ₹250 என்றால் 50 கிலோ பை ₹12,500. 5% ஜிஎஸ்டி ₹625 சேர்த்து ₹13,125. இதில் வகுத்தால் 21 பை, பில் ₹2,75,625. வரியை மறந்து வகுத்தால் 22 பை என்று வரும்; பில் போட்டதும் வரம்பு ₹8,750 தாண்டியிருக்கும்.

இனி லாட், அதாவது மில்லில் ஒரே தொகுதியாக நூற்ற நூல். நூலில் இதுதான் உயிர். 21 பையை ஒரு லாட்டிலும் மீதி 9 பையைப் பிறகு வேறு லாட்டிலும் கொடுத்து, இரண்டும் ஒரே மெஷினில் கலந்துவிட்டால் சாயம் போடாத பச்சைத் துணியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சாயம் ஏறியதும் பட்டை பட்டையாக வரும். டையிங் கூலி, துணி, ஷிப்மென்ட் எல்லாம் போய், பழி நம் தலையில் விழும். அதனால் பார்ட்டியிடம் பேசுவதற்கு முன்பே 9 பையை அதே லாட்டில் எடுத்து, பெயர்ச் சீட்டு ஒட்டித் தனியாக அடுக்குங்கள்.

பிறகு பார்ட்டியின் முதலாளிக்கே போன் செய்யுங்கள். கடன் விஷயத்தை அவர் சூப்பர்வைசரிடமோ வண்டி டிரைவரிடமோ சொல்வது அவரை அவமானப்படுத்துவதாகும். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள்:

"வணக்கங்க அண்ணா. உங்க 30 பைல இன்னைக்கு 21 பை அனுப்பறோம், பில் ₹2,75,625. மீதி 9 பை அதே லாட்ல உங்க பேர்ல எடுத்து வச்சாச்சு. ₹1,20,000 செக் பாஸானதும் ஏத்திடறோம். முன்னாடியே வேணும்னா ₹1,13,750 இன்னைக்கு நெஃப்ட் போடுங்க, 30 பையும் ஒரே வண்டில வந்துரும். லாட்டும் இந்த விலையும் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி வரைக்கும் வச்சிருப்போம். எது சவுகரியம்னு சொல்லுங்க."

₹1,13,750 எப்படி வந்தது? 9 பைக்கு ₹1,18,125. 21 பை போனபின் வரம்பில் மிஞ்சும் ₹4,375-ஐக் கழித்தால் அதுதான். பார்ட்டியிடம் இப்படி ரூபாய்க் கணக்கோடு கேட்க வேண்டும். "கொஞ்சம் பணம் போடுங்க" என்றால் ₹50,000 போட்டுவிட்டு 9 பையையும் எதிர்பார்ப்பார். விலைக்குக் கெடு வைப்பதும் அவசியம். மில்கள் மாதத் தொடக்கத்தில் விலையை மாற்றினால் அந்த 9 பைக்கு எந்த விலை என்று சண்டை வரும்.

பில்லும், சரக்கோடு வண்டியில் போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லும் 21 பைக்கு மட்டும் போடுங்கள். 30-க்கு போட்டுவிட்டு 21 ஏற்றினால் வழியில் சோதனையில் வண்டி நிற்கும். வந்து சேராத சரக்குக்குப் பார்ட்டி உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியின் வரவு) எடுக்கவும் முடியாது. தவறிப் போட்டிருந்தால் இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். 9 பை போகும்போது புது பில், புது இ-வே பில். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ₹1 லட்சம் தாண்டினால் இ-வே பில் கட்டாயம்.

சனிக்கிழமை மதியம் ஒருமுறை நினைவூட்டுங்கள். 5 மணிக்குள் பணமும் பதிலும் வராவிட்டால், 9 பையை விடுவித்ததாக எழுதி அனுப்பி ஆர்டரை அன்றே முடித்துவிடுங்கள். சொல்லாமல் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த லாட்டை நம்பி அவர் மெஷினில் நூல் ஏற்றியிருப்பார்.