கோவாவா, முட்டைக்கோஸா? வெப்சைட்டுக்குத் தலைப்புத் தேடும் முறை

வெப்சைட் தொடங்க ஆசை, எதைப் பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இலங்கை மலைநாட்டுப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் தொடங்கியபோது இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. ஹட்டனில் ஒரு அறைக்குள் இருந்துகொண்டு, கையில் தொட்டே பார்க்காத ஃபோன்களைப் பற்றி எழுதினேன். சென்னையிலிருந்து பத்துப் பேர் ஏற்கெனவே எழுதியதை வார்த்தை மாற்றி எழுதுவதுதான் வேலை. ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. வாசித்தது என் மச்சானும் அவனுடைய கூட்டாளிகளும்தான்.

அப்புறம்தான் கீவேர்ட் ஆய்வு பழகினேன். ஆட்கள் கூகுளில் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள், அதற்கு இப்போது என்ன பதில் கிடைக்கிறது என்று பார்த்து, அதன் பிறகு தலைப்பை முடிவு செய்வது. அவ்வளவுதான். வெலிமடையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வருடம் இதே கேள்வியோடு வந்தார். அவரோடு உட்கார்ந்து செய்ததையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கொப்பியும் பேனையும்

கணினியைத் திறக்க வேண்டாம். உங்களைச் சுற்றி இருப்பதில், மற்றவர்கள் உங்களிடம் வந்து கேட்கும் விஷயங்களை எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்தவற்றை அல்ல, உங்களிடம் கேட்கப்படுபவற்றை. தம்பி எழுதியதில் மூன்று தேறின: தேயிலை, எல்ல என்ற பக்கத்து ஊரின் சுற்றுலா, மரக்கறிச் செய்கை. அவருடைய அப்பா கோவாவும் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுகிறவர்.

இரண்டாம் படி: கூகுள் பெட்டி

உலாவியில் மறைநிலை (இன்கொக்னிட்டோ) ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய தேடல்களை வைத்துக் கூகுள் உங்களுக்குப் பிடித்ததையே காட்டும். சொல்லைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அ, ஆ, இ, க, ச என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். கீழே விழும் பரிந்துரைகள் எல்லாம் யாரோ தேடியவை. தேடிய பிறகு பக்கத்தின் நடுவிலும் அடியிலும் வரும் தொடர்புடைய கேள்விகளையும் கொப்பியில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் காசு இல்லாமல் கிடைப்பதில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: ஒரே பொருள், நாலு சொல்

தமிழில் எழுதுகிற நமக்கு இதுதான் பெரிய இடம். ஆங்கிலத்தில் வந்திருக்கும் விளக்கங்களில் இது இருக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நாம் கோவா என்கிறோம், தமிழ்நாட்டில் முட்டைக்கோஸ். நாம் போஞ்சி, அவர்கள் பீன்ஸ். நாம் பசளை, அவர்கள் உரம். மரக்கறி என்று நாம் சொல்வது அங்கே காய்கறி. எந்தச் சொல்லைத் தலைப்பில் போடுகிறீர்களோ, அந்த ஊர் வாசகர்தான் வருவார். தம்பி முதலில் ‘கோவா செய்கை’ என்று தேடினார். ஒரு பக்கம் கடற்கரையும் ஹோட்டலும், இன்னொரு பக்கம் பால்கோவா செய்முறை! கோவா என்பது இந்தியாவில் ஒரு மாநிலம், இனிப்புக் கடையில் ஒரு பண்டம், வெலிமடையில் ஒரு மரக்கறி. ‘கோவா நாற்று’, ‘கோவா பசளை’ என்று பக்கத்தில் இன்னொரு சொல் ஒட்டினால்தான் கூகுளுக்கு நாம் யார் என்று விளங்கும்.

எல்லவும் அப்படித்தான். ‘எல்ல ரயில்’ என்பதற்கும் ‘எல்லா ரயில்’ என்பதற்கும் ஒரு கால்தான் வித்தியாசம். ஹட்டனை அட்டன் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நுவரெலியா, நுவரேலியா இரண்டும் புழக்கத்தில் உண்டு. சிவனொளிபாத மலையைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுகிறார்கள், ஆடம்ஸ் பீக் என்றும் தேடுகிறார்கள். இதற்கு மேல், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிற கூட்டம் வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த வடிவங்களை எல்லாம் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று. தோட்டக்காரர் நோயின் பெயரைத் தேடமாட்டார். அவருக்குத் தெரிவது கண்ணில் படுவதுதான்: ‘உருளைக்கிழங்கு இலை கருகுது’, ‘கோவா வேர் வீங்குது’. புத்தகப் பெயரை உள்ளே எழுதுங்கள். தலைப்பு அவர் வாயிலிருந்து வரட்டும்.

நான்காம் படி: எத்தனை பேர் தேடுகிறார்கள்?

கூகுள் விளம்பரக் கணக்குக்குள் கீவேர்ட் பிளானர் என்ற கருவி இருக்கிறது. இடத்தை இலங்கை என்று மாற்றிவிட்டுச் சொற்களைப் போடுங்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குக்குத் துல்லியமான எண் காட்டாது. 10 முதல் 100, 100 முதல் 1000 என்று பரவலாகத்தான் சொல்லும். பரவாயில்லை, ஒரு சொல்லை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும்.

அதில் ‘போட்டி’ என்று ஒரு பத்தி இருக்கும். குறைவு என்று கண்டதும் துள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் விளம்பரம் போடுகிறார்கள் என்பதையே அது சொல்கிறது. தேடல் முடிவில் முதல் பக்கத்துக்கு வருவது லேசா கஷ்டமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நானும் இதில் ஏமாந்தவன்தான்.

சின்னச் சொல்லுக்கு எண்ணே காட்டாமலும் விடும். கூகுள் பெட்டியில் பரிந்துரையாக விழுந்த சொல் என்றால், அதை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எந்த மாதம்?

ஒரு சொல்லின் தேடல் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று காட்டுவது கூகுள் ட்ரெண்ட்ஸ். அதில் ஐந்து சொற்கள் வரை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். அங்கே வரும் 100 என்பது நூறு பேர் அல்ல. நீங்கள் எடுத்த காலத்தில் தேடல் உச்சத்துக்குப் போன இடம் 100, மற்றதெல்லாம் அதற்கு எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். நுவரெலியாவுக்கு ஏப்ரல்தான் சீசன். இப்படிப்பட்ட தலைப்பை எடுத்தால் மற்ற மாதங்களில் தளம் தூங்கும். எடுக்கக்கூடாது என்றில்லை, அப்படி எடுத்தால் பருவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் பக்கத்தில் யார் இருக்கிறார்?

இங்கேதான் தம்பியின் பட்டியலில் இரண்டு விழுந்தன. ‘தேயிலை’ என்பது கடல். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்ட கதையை எழுதாத ஆள் இல்லை. தேநீரின் நன்மைகள் என்று போனால் மருத்துவத் தளங்களோடு மோத வேண்டும், உடல்நல விஷயங்களில் கூகுளும் புதியவர்களை லேசில் நம்பாது. எல்லவுக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடுகிறார்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று தேடினால் முதல் பக்கம் முழுக்கப் பெரிய பயணத் தளங்கள்.

மரக்கறிப் பக்கம் வேறு மாதிரி இருந்தது. ‘கோவா வேர் வீங்குது’ போன்ற கேள்விக்கு வந்தவை ஒரு பழைய பிடிஎஃப், இரண்டு யூடியூப் வீடியோ, தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்று. நமது மண்ணையும் மழையையும் வைத்து யாரும் எழுதவில்லை. மேலே இருப்பவை பழையதாக, பாதிப் பதிலாக, வேறு ஊருக்கு எழுதியதாக இருந்தால், அந்த இடம் காலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

‘இன்றைய மரக்கறி விலை’ என்ற சொல்லைப் பார்த்ததும் தம்பிக்கு வாய் ஊறியது. தேடுகிறவர்கள் ஏராளம். வேண்டாம் என்றேன். மத்திய வங்கியே தினசரி விலை அறிக்கை போடுகிறது, செய்தித் தளங்களும் உண்டு. இன்று எழுதியது நாளைக்குக் குப்பை. தனி ஆள் ஒருவர் தினமும் விடிய எழும்பி விலை அடித்துக்கொண்டிருக்க முடியாது.

ஏழாம் படி: காசு

சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் அட்சென்ஸ் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் ஒரு கிளிக்குக்குக் கிடைப்பது பொதுவாக ஆங்கிலத்தைவிடக் குறைவு. அதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள். விதை, தெளிகருவி, பசளை என்று வாசகர் எப்படியும் வாங்கும் பொருட்கள் தலைப்புக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் பிறகு வழி உண்டு.

எட்டாம் படி: முப்பது தலைப்பு

தேறிய தலைப்பில் முப்பது பதிவுகளுக்குத் தலைப்பு எழுதுங்கள். ஒரே இருப்பில், கூகுள் பார்க்காமல். பன்னிரண்டில் பேனை நின்றால் அது உங்கள் தலைப்பு இல்லை. எனக்கு ஃபோன் செய்தியில் ஏழோடு நின்றிருக்கும். தம்பி இருபத்திரண்டில் நின்றார். அப்பாவுக்கு அழைத்தார். மிச்சம் எட்டும் பத்து நிமிடத்தில் வந்தன.

அதற்குப் பிறகு

பத்துப் பதிவு போட்டதும் கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் தளத்தைப் பதிந்துவிடுங்கள். அதுவும் இலவசம்தான், 16 மாதத் தரவை வைத்திருக்கும். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று அதில் தெரியும். நிறையக் காட்டப்பட்டு யாரும் அழுத்தாத சொற்களைத் தேடுங்கள். நீங்கள் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போன விஷயத்தை ஆட்கள் விரிவாகக் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

தம்பியின் தளத்தில் அப்படி மேலே வந்து நின்ற சொல் டொலமைட், மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புத் தூள். புளிப்பு (அமிலம்) கூடிய மண்ணில்தான் கோவா வேர் வீக்கம் கூடும், அதனால் நடுவதற்கு முன் டொலமைட் போட வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இப்போது அதற்குத் தனிப் பதிவு தயாராகிறது. ஒரு பாத்திக்கு எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டால் கையால் அள்ளிக் காட்டுகிறாராம். அதை நிறுப்பதற்குத் தராசு தேடிக்கொண்டிருக்கிறார்.