நாய்க்குச் சிறுநீர் அடைத்தால் செய்யக்கூடாதவை

நாய் முக்கிக்கொண்டே நின்றால் மலச்சிக்கல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பப்பாளி ஊட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் போய்விடுகிறது. நன்றாகக் கவனியுங்கள்: காலைத் தூக்கியபடி வெகுநேரம் நிற்கும், இரண்டு சொட்டு வரும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். ஆண் நாயின் உறுப்புக்குள் ஒரு சிறு எலும்பு உண்டு. அதை ஒட்டிச் செல்லும் இடத்தில் சிறுநீர்க் குழாய்க்கு விரிய வழியில்லை. பெரும்பாலும் கல் அதற்குச் சற்றுப் பின்னால்தான் மாட்டும்.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு, வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் புகட்டுவது. வழியே இல்லாதபோது அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சிறுநீர்ப்பை இன்னும் உப்பும். முழுதாக அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் கூடாது, பை கிழிந்துவிடும். வலிக்கிறதே என்று பனடாலோ புருஃபெனோ கொடுக்காதீர்கள், இரண்டுமே நாய்க்கு நஞ்சாகலாம்.

விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கோலாலம்பூரில் செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, உங்கள் பக்கம் இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள். எல்லாக் கிராப் வாடகைக் கார் ஓட்டுநரும் நாயை ஏற்றமாட்டார்கள், அதனால் கார் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

கிளினிக்கில் பெரும்பாலும் கெதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக உப்புநீரைச் செலுத்திக் கல்லைச் சிறுநீர்ப்பைக்கே திருப்பித் தள்ளுவார்கள். சிறுநீர் போனதும் குணமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிவந்து அதோடு விட்டுவிடுகிறார்கள் சிலர். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கல் இன்னும் பைக்குள்தானே இருக்கிறது, அது மறுபடியும் இறங்கும்.

அடுத்து என்ன என்பது கல்லின் வகையைப் பொறுத்தது. ஸ்ட்ருவைட் கல்லைச் சிறப்பு உணவும், கிருமித்தொற்று இருந்தால் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து கரைத்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கரையாது, அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். எடுத்த கல்லைத் தூக்கிப் போடவிடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வகை தெரியாமல், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக்கொடுத்த உணவை வாங்கிப் போடாதீர்கள். அப்புறம், மருத்துவர் சொன்ன உணவிலேயே தாராளமாகத் தண்ணீர் கலந்து வையுங்கள், சொன்ன தேதியில் எக்ஸ்ரேக்கும் கூட்டிப் போங்கள்.