ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்பீக்கர் பதிக்கப் போகிறீர்களா?

ஜிப்சம் போர்டு அடிக்கும் முன்பே ஒயரை இழுத்துவிடுங்கள். 15 மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். ஸ்பீக்கர் வரும் இடத்தில் அரை மீட்டர் கூடுதலாகச் சுருட்டி வையுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதீர்கள்.

வெட்டும் முன் ஒரு காந்தத்தைப் போர்டில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டும் இடத்தில் இரும்பு சேனலோ ஸ்க்ரூவோ இருக்கும். வட்டம் வரைய, பெட்டியோடு வரும் அட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்பீக்கரின் வெளி விளிம்பை வைத்து வரைந்தால் ஓட்டை பெரிதாகி, ஸ்பீக்கரைப் போர்டோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்க இடமிருக்காது. கிளாம்ப் ஸ்க்ரூவைக் கையாலேயே முடுக்குங்கள். டிரில்லை வைத்தால் போர்டு உள்ளே நொறுங்கும். வெளியே தெரியாது, நாளடைவில் ஸ்பீக்கர் தொங்கும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு முனை, கருப்பு முனை மாறினால், இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் ஒன்றையொன்று ரத்து செய்து பேஸ் (அடிநாதம்) காணாமல் போகும். 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரின் மறுமுனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள்: பேட்டரியின் பிளஸ், சிவப்பில் படும்போது ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும்.

சீலிங்குக்கு மேலே தூசி, பல்லி, மழைக்கசிவு எல்லாம் உண்டு. ஸ்பீக்கரின் பின்பக்கத்தை மூடும் பெட்டியான பேக் பாக்ஸை மாட்டி, ஒயர் நுழையும் துளையை சிலிகானால் அடையுங்கள். மலிவான சின்ன பாக்ஸ் பேஸைக் கொன்றுவிடும். ஸ்பீக்கர் கையேட்டில் சொன்ன கொள்ளளவுக்குக் குறையக் கூடாது.

பெயின்ட் அடிக்கும் நாளில் ஸ்பீக்கரின் முன்பக்க வலையான கிரில்லைக் கழற்றித் தனியாக, மெல்லிய ஸ்ப்ரேயாக அடியுங்கள். பிரஷ் பட்டால் துளைகள் அடைந்துவிடும்.