ஆங்கிலச் சொல்லும் ஜெர்மன் சொல்லும் உறவா? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' என்றால் பரிசு. ஜெர்மனில் அதே எழுத்துகளால் எழுதப்படும் 'கிஃப்ட்' என்றால் நஞ்சு. இப்படிப்பட்ட இணைகள் ஒரே வேரிலிருந்து பிறந்தவையா, தற்செயலாக ஒத்துப்போனவையா என்பதை, சில ஒலி மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் பெருமளவு நாமே கணித்துவிடலாம்.

முதல் படி: ஒலி இணைகளைத் தொகுத்தல்

ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் வரைந்து, எண்கள், உடலுறுப்புகள், அன்றாடப் பொருள்கள் ஆகியவற்றின் பெயர்களை இரு மொழிகளிலும் எழுதுங்கள். இத்தகைய சொற்களைப் பிற மொழியிலிருந்து கடன் வாங்குவது குறைவு. பத்துக்கு டென், ட்ஸேன். நாக்குக்கு டங், ட்ஸுங்க. தண்ணீருக்கு வாட்டர், வாசர். கப்பலுக்கு ஷிப், ஷிஃப். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் டகரம் ஜெர்மனில் 'ட்ஸ' ஆகிறது. உயிரொலிக்குப் பின்னால் வந்தால் சகரமாகிறது. அதே இடத்தில் வரும் பகரம் 'ஃப' ஆகிறது. பெரும்பாலும் 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை தெற்கு ஜெர்மன் வட்டாரங்களில் பரவிய மெய்யொலி மாற்றமே இதற்குக் காரணம். ஆங்கிலமும் டச்சும் அதற்கு ஆட்படவில்லை. ஸகரத்தை அடுத்து வரும் டகரம் மாறாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கல்லுக்கு ஸ்டோன், ஷ்டைன்.

இரண்டாம் படி: விதியைக் கொண்டு தேடுதல்

இனி 'டவுன்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். விதிப்படி அதன் உறவுச்சொல் ஜெர்மனில் 'ட்ஸ' என்று தொடங்க வேண்டும். தேடினால் 'ட்ஸவுன்' கிடைக்கிறது. ஆனால் அதன் பொருள் வேலி! டச்சில் இதே சொல் 'டைன்' என வழங்கித் தோட்டத்தைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தின் 'டூன்' என்பது வேலியிட்ட நிலம், பண்ணை, சிற்றூர் ஆகியவற்றைக் குறித்தது. பிரைட்டன் என்ற ஊர்ப்பெயரின் இறுதியில் இருப்பதும் அதுவே. வேலி, வேலிக்குள் அடங்கிய தோட்டம், வேலி சூழ்ந்த குடியிருப்பு என மூன்று மொழிகள் ஒரே பொருளின் மூன்று பக்கங்களைக் காத்து வைத்திருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இந்தப் பயிற்சியைச் செய்யலாம் என்பேன்.

மூன்றாம் படி: மிகையான ஒற்றுமையை ஐயுறுதல்

'ஹேவ்' என்ற ஆங்கிலச் சொல்லும் 'ஹாபேரே' என்ற லத்தீன் சொல்லும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருந்தும் உறவல்ல. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய விதிப்படி, லத்தீனில் ககரம் உள்ள இடத்தில்தான் ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு ஆகியவை அடங்கிய குடும்பத்தில்) ஹகரம் வரும்: கொம்புக்கு லத்தீனில் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். ஆகவே 'ஹேவ்' என்பதன் உண்மையான லத்தீன் உறவு, பற்றுதல் என்னும் பொருளுடைய 'காபெரே'.

நான்காம் படி: கடன் சொல்லின் காலத்தை ஊகித்தல்

மிளகுக்கு ஆங்கிலத்தில் பெப்பர், ஜெர்மனில் ப்ஃபெஃபர். காகிதத்துக்கு பேப்பர், பாபியர். இரண்டுமே லத்தீன் வழியாக வந்த கடன் சொற்கள்தான். (மிளகின் பெயர் அதற்கும் முன்பு, நம் திப்பிலியைக் குறிக்கும் 'பிப்பலி' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது.) மிளகின் பெயரில் பகரம் மாறியிருப்பதால் அது ஒலி மாற்றத்துக்கு முன்பே ஜெர்மனுக்கு வந்துவிட்டது, காகிதத்தின் பெயரில் மாறாததால் அது பிந்தி வந்தது.

ஐந்தாம் படி: பொருள் போன வழியைக் காணுதல்

இப்போது 'கிஃப்ட்' சிக்கலுக்குத் திரும்பலாம். இரு சொற்களும் 'கொடு' என்று பொருள்படும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை. ஆங்கிலத்தில் அது 'கிவ்', ஜெர்மனில் 'கேபன்'. ஒருவருக்குக் கொடுக்கப்படும் மருந்தின் அளவைக் கிரேக்கர் 'டோசிஸ்', அதாவது 'கொடுத்தல்', என்றனர். அந்த வழக்கைப் பின்பற்றி ஜெர்மனில் 'கொடுக்கப்பட்டது' என்பது நஞ்சுக்கு இடக்கரடக்கலாக வழங்கி, நாளடைவில் நேர்ப்பொருளாகவே நிலைத்துவிட்டது. மணமகள் கொண்டுவரும் சீரைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற ஜெர்மன் கூட்டுச்சொல்லில் பழைய பொருள் இன்றும் நஞ்சாகாமல் இருக்கிறது.